ஒன்பதாம் தொகுதியின் ஓரத்தில் ஒரு கேள்வி

அச்சகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். ஒரு புள்ளி விடுபட்டிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. மாடிப்படியை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து, அந்தப் பெரிய இதிகாசத்தின் உரைநடைப் பதிப்பை ஏழு வருடமாகப் பிழைதிருத்திக்கொண்டிருந்தாள். எட்டுத் தொகுதிகள் அச்சாகிவிட்டன. கழுத்து வலியும் கண்ணெரிச்சலும்தான் அவள் கண்ட பலன். யாராவது கதையைக் கேட்டால், "எழுத்தைப் பார்க்கத்தான் சம்பளம். கதையைப் பார்த்தா பிழை தப்பிடும்" என்பாள்.

ஒன்பதாம் தொகுதியில் போர் முடிந்துவிட்டிருந்தது. நூறு பிள்ளைகளையும் பறிகொடுத்த கிழவரும் கிழவியும், ஜெயித்தவர்கள் வீட்டுச் சோற்றைப் பதினைந்து வருடம் சாப்பிட்டுவிட்டுக் காட்டுக்குக் கிளம்புகிறார்கள். ஜெயித்தவர்களின் தாயும் அவர்களோடு கிளம்பிவிடுகிறாள். பெற்ற பிள்ளைகள் அழுது தடுத்தும் நிற்கவில்லை.

அங்கே பேனா நின்றது. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

பதிப்பாசிரியர் தாளோடு வந்தார். "இதுல என்னம்மா பிழை?"

"பிழை இல்ல சார். இந்தம்மா ஏன் போறாங்கன்னு புரியல."

"பற்றை விட்டுட்டாங்க. முன்னுரையில பத்துப் பக்கம் எழுதியிருக்கேனே, படிக்கலையா?"

"படிச்சேன் சார். நாலு பிழை இருந்துச்சு."

அவர் சிரிக்கவில்லை.

"பற்றை விட்டவங்க எதுக்கு சார் அந்தக் கிழவிக்குத் தோள் கொடுத்துக்கிட்டுப் போகணும்?" என்று கேட்டாள். அவர் தாளை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரமே நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, கேக்க எனக்கு வாய் வரல. அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சிடுச்சு. அண்ணன் போனையே எடுக்க மாட்டேங்குறாரு. எனக்கு லீவும் முடிஞ்சுபோச்சு."

பன்னிரண்டு வருடத்துக்கு முன் புருஷன் இன்னொருத்தியோடு போனபோது, "உன்கூட எவன் இருப்பான்" என்று வாசலில் நின்று கேட்டவர் அந்த மாமியார். "பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லி இவள் போனை வைத்தாள். ஆனால் சாயங்காலம் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். மாமியார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் நனைந்த விரிப்பை உருவி மாற்றினாள்.

பத்து நாளில் தன் ஒற்றை அறைக்கே கூட்டிவந்தாள். கட்டில் மாமியாருக்கு, தரை அவளுக்கு. அச்சகத்தில் புண்ணியம் என்றார்கள். அவளுக்கு எரிச்சலாக வந்தது. மனசு ஒன்றும் இளகிவிடவில்லை. கோபம் அப்படியேதான் இருந்தது, அதைத் தூக்கிச் சுமக்கத் தெம்புதான் இல்லை.

ஆறு வாரம் கழித்து மாமியார் கேட்டார். "நீ ஏம்மா வந்தே?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "தெரியல அத்தை. காலைத் தூக்குங்க, செருப்பு போட்டு விடறேன்."

மாமியார் அதன்பின் ஒரு வருடம் உயிரோடு இருந்தார். இருவரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைச் சாத்திவிட்டு, பகல் முழுக்க ஆளுக்கொரு பக்கம் தூங்கினார்கள்.