மேசையில் வைத்த முயல்

ஜப்பானியரின் பழைய உடையில் பை கிடையாது. பணப்பையைக் கயிற்றில் கட்டி இடைக்கச்சையில் தொங்கவிடுவார்கள். கயிறு நழுவாமலிருக்க மேல்முனையில் ஒரு குமிழ் கோத்திருக்கும். அதுதான் நெட்சுகே. அந்தக் குமிழைப் போய் எலியாக, தவளையாக, தூங்கும் நாயாகச் செதுக்கியிருக்கிறார்கள், புண்ணியவான்கள்! சிட்னியில் மியூசியக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம். ஒன்றையாவது கையில் வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று தீராத ஆசை.

சிட்னியின் புறநகரான கெல்லிவில்லில் ஒரு மலேசியத் தமிழர், ஓய்வுபெற்ற பல் டாக்டர், இவற்றைச் சேர்க்கிறார் என்று கேள்விப்பட்டு மனைவியோடு போனேன். அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு மர முயலை எடுத்தார். கொட்டைப்பாக்கு அளவுதான். நான் இரண்டு கைகளையும் நீட்டினேன். அவர் முயலை மேசைத் துணியில் வைத்துவிட்டுத் தன் கையை எடுத்துக்கொண்டார்.

“எடுத்துப் பாருங்க.”

எனக்குச் சுரீரென்றது. நீட்டிய கையில் தராமல் கீழே வைப்பது யாழ்ப்பாணத்தில் யாருக்குச் செய்கிற காரியம் என்று எனக்குத் தெரியும். எங்கள் அப்பாவுக்கும் வீட்டாருக்கும்தான் செய்தார்கள். கடல் கடந்து வந்தும் இதுவா?

“அங்கிள், என்ர கையில தந்தா என்ன?”

மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “சும்மா இருங்கோ.”

“இல்ல, கேக்கத்தான் வேணும். ஏன் கீழ வைச்சனீங்கள்?”

அவர் திகைத்துப்போனார். “ஐயோ தம்பி, நெட்சுகே சேர்க்கிறவங்க எல்லாருமே இப்படித்தான். கைமாறும்போது விழுந்தா யார் விட்டதுன்னு சண்டை வரும். அதனால ஒருத்தர் வச்சிடுவார், இன்னொருத்தர் எடுத்துக்குவார்.” பேசிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தவர் நிறுத்தினார். அவருக்கும் விளங்கிவிட்டது.

“விழுந்தா விழட்டும்” என்று முயலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அவருடைய விரல்கள் என் கையில் நன்றாகவே பட்டன.

முயலைத் திருப்பினேன். இடுப்பில் தொங்கும்போது எவர் கண்ணிலும் படாத வயிற்றுப் பக்கத்தில் மடக்கிய பாதங்கள், அவற்றில் தனித்தனியாக விரல்கள், மயிரிழை மயிரிழையாகக் கீறல்கள். யார் பார்ப்பார்கள் என்று இதைச் செதுக்கினான் அந்த மனிதன்? என் மனைவிகூட மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். அதுவும் ஓர் அதிசயம்தான்.

முதுகு மட்டும் வழவழவென்றிருந்தது. ஏன் என்று கேட்டேன்.

“தொட்டவங்க கையெல்லாம் சேர்ந்து தேய்ச்சது, தம்பி. எங்களுக்கு அதுதான் உசத்தி. யாருமே தொடாதது எங்களுக்கு வேணாம்.”

பெருவிரலால் அந்த முதுகை மெல்லத் தடவினேன். கண் கலங்கியது. அப்பா உயிரோடு இருந்திருந்தால் அவரையும் தொடச் சொல்லியிருப்பேன்.