வெள்ளைக் கண் ஈக்கள்

இன்று சந்தையில் கனிந்து அழுகிய வாழைப்பழ மணம் மூக்கில் ஏறியதும், ஓர்ஸ் ஹில் பள்ளிக்கூடத்தின் உயிரியல் ஆய்வுகூடமும் அதனுடன் பழைய கோபமும் சேர்ந்தே வந்தன.

யுத்தம் நடந்த அந்தக் காலத்தில், ஊரடங்கு இல்லாத நாட்களிலெல்லாம் நானும் தோழி சுகந்தியும் அங்கே மசித்த வாழைப்பழம் போட்ட போத்தல்களில் பழ ஈ வளர்த்தோம். உயிரியல் ரீச்சர் கண்டியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த வெள்ளைக் கண் ஆண் ஈக்களைச் சிவப்புக் கண் பெண் ஈக்களோடு சேர்த்தோம். பிறந்த பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் சிவப்புக் கண். ஒளிந்துபோன வெள்ளை பேரப்பிள்ளைகளில் திரும்பி வரும் என்றது புத்தகம். அதைக் கண்ணால் காண நாட்களை எண்ணினோம்.

பேரப்பிள்ளைகள் வெளிவரவேண்டிய காலையில், சோதனைக்கு வந்த சிப்பாய்கள், போத்தல் என்றாலே வெடிகுண்டு என்பதுபோல, ஒன்றுவிடாமல் முற்றத்தில் அடித்து உடைத்தார்கள்.

அவர்கள் போனபின் பள்ளிக்கூட அதிபர் எங்களிடம் தும்புத்தடியை நீட்டினார். "ஈதானே பிள்ளையள், கூட்டி விடுங்கோ."

"ஏலாது சேர். உடைச்சவங்களைக் கூட்டச் சொல்லுங்கோ," என்றாள் சுகந்தி.

கடைசியில் அதிபரே கூட்டினார். ஆய்வுகூடம் பிறகு இராணுவக் காவலரணாகி, ஒருநாள் இடிந்தும் போனது. பரீட்சையில் அந்த வெள்ளைக் கண் பேரப்பிள்ளைகளைப் பற்றியே கேள்வி வந்தது. காணாத ஈக்களைக் கண்டதுபோல எழுதி முழுப் புள்ளியும் வாங்கினேன். அந்தப் புள்ளியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.