அம்மன் கையில் சொல்யூஷன்

ஷூ கம்பெனியில் தோல் ஒட்டுகிற பசைக்கு எங்கள் ஊரில் சொல்யூஷன் என்று பெயர். அக்கா ஷிப்ட் முடிந்து வந்து சோறு போட்டால், சாம்பாரைத் தாண்டி அந்த வாசனைதான் முதலில் வரும். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகத்தோரம் காய்ந்த பசை மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கும்...

அப்போது நான் ஆம்பூரில் கடைகளுக்கு போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் தெரு மாரியம்மன் கோயில் சுவரில் படம் போடக் கூப்பிட்டார்கள். முதல் சாமி படம். தலைகால் புரியவில்லை எனக்கு.

மடியில் குழந்தையோடு அம்மன். முகம் நன்றாக வந்தது. குழந்தையைப் பிடித்திருக்கிற கையை வரையும்போது நகத்தோரம் மஞ்சள் வைத்துவிட்டேன், விரல் நுனியில் வெடிப்பும். யோசித்துச் செய்யவில்லை. பெண்ணின் கை என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான்.

சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கிய பெண்கள் நின்று பார்த்தார்கள்.

"அட, அம்மனும் நம்ம லைன்லதான் வேலை செய்யுது போல" என்றாள் ஒருத்தி. ஒரே சிரிப்பு.

அக்கா மட்டும் சிரிக்காமல் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே கம்மி.

மறுநாள் தர்மகர்த்தா வந்தார்.

"இன்னாப்பா, சாமி கைல அழுக்கு?"

"அழுக்கு இல்லீங்க, சொல்யூஷன். நம்ம பொம்பளைங்க கை அப்பிடித்தானே இருக்குது?"

"அதான் வீட்லயே பாக்கறாங்களே. அத மறக்கத்தான் இங்க வர்றாங்க. பாத்தா கும்பிடத் தோணணும்பா. மாத்திடு."

கெட்ட மனுஷர் இல்லை. அவர் சொன்னது அப்போது எனக்கும் சரியாகத்தான் பட்டது. ரோஸ் கலந்து, காலண்டர் சாமிக்கு இருப்பது மாதிரி வழவழவென்று ஒரு கை போட்டேன். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அக்காவும்தான்.

முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்... இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

இப்போது எங்கே பார்த்தாலும் பிளெக்ஸ். அந்தச் சுவருக்கும் டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். எனக்கு நேரம் நிறைய. பிடித்ததை வரையலாமே என்று போன வாரம் அக்காவை உட்காரச் சொன்னேன். ரிட்டயர் ஆகிவிட்டாள். தலை வாரி, பூ வைத்து வந்து உட்கார்ந்தாள். கைகள் மட்டும் முந்தானைக்குள்.

"கைய எடுத்து மடில வைக்கா."

"மூஞ்ச மட்டும் எழுதுடா. சாமிக்கே வேணாம்னு அழிச்ச கை, எனக்கு எதுக்கு?"

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் பென்சில் ஓடவில்லை.