நோட்டில் பாதிப் பெயர்

இன்று கடலூர் தொழில் கண்காட்சியில் எங்கள் கம்பெனி ஸ்டாலில் நான்தான் நின்றேன். தலைக்கு மேலே 'ஃபெசிலிட்டி மேனேஜ்மென்ட்: நாளைய தொழில்' என்று பேனர்.

காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் பாத்ரூம் எங்கே என்றுதான் கேட்டார்கள்.

மதியம் சிதம்பரத்திலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். பெரிய கட்டடத்தின் கரண்ட், தண்ணீர், லிஃப்ட், பாதுகாப்பு எல்லாவற்றையும் திட்டமிட்டு நடத்துகிற வேலை என்று விளக்கினேன்.

"ஆபீசர் மாதிரிங்களா?" என்றார் அப்பா.

"ஆமாங்க."

இந்த வேலைக்கு வர விரும்புகிறவர்களுக்காக வைத்திருந்த நோட்டில் மகள் பெயர் எழுதத் தொடங்கினாள்.

அந்த நேரம் பார்த்து கண்காட்சி நடத்துபவர் ஓடி வந்தார். "சார், டாய்லெட்ல பைப்பு புட்டுக்கிச்சு. தண்ணி ரொம்ப ஜாஸ்தியா போவுது. உங்க வேலதான இது, கொஞ்சம் வாங்க."

பழக்கதோஷம், போய்விட்டேன். வால்வைத் தேடி மூடினேன். தண்ணீரைத் தள்ள ஆள் இல்லை, அதையும் நானே தள்ளினேன். முழங்கால் வரை நனைந்த பேன்ட்டோடு திரும்பினேன்.

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதுக்காம்மா உன்ன இன்ஜினியரிங் படிக்க வச்சேன்? வா, போலாம்."

அவள் பேனாவை மூடி வைத்துவிட்டுப் போனாள். நோட்டில் 'கார்த்' வரைக்கும் இருக்கிறது.

நீங்களாக இருந்தால் அந்த பைப்பைப் பார்க்கப் போயிருப்பீர்களா? போயிருப்பேன் என்பவர்கள் நாளை ஸ்டாலுக்கு வாருங்கள். நோட்டில் இடம் நிறைய இருக்கிறது.