பிக்கப்புக்குப் படியா, பைப்பா?

சேற்றில் குப்புறப் படுத்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்துப் பிக்கப்பின் அடியைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

மூன்றாம் நம்பர் டிவிஷனுக்கு ஏறுகிற ரோட்டில், மதகுக்கு முந்திய வளைவில், ஒரு பெரிய கல் நீட்டிக்கொண்டிருக்கும். அன்று இடப்பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்க, வண்டி அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டது. கதவுக்குக் கீழே தொங்கிய ஃபுட்போர்டு மேலே மடங்கி, ஆப்பு அடித்ததுபோல் கதவை இறுக்கிக்கொண்டது. உள்ளே உதவி மேனேஜர், எங்கள் சின்னத்துரை. கியர் லீவரைத் தாண்டி டிரைவர் பக்கமாக அவர் இறங்கி வந்தபோது காற்சட்டை தொடை வரை கிழிந்திருந்தது.

டிரைவர் சூசை அண்ணன் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தம்பி, அடியில என்னப்பா தெரியுது?" என்றார்.

"இந்தப் படியே தப்புண்ணே. இத நிமித்துறது வீண் வேல. வேற ஒண்ணு செய்யலாம்."

"ஆரம்பிச்சிட்டான்யா," என்றார் சூசை அண்ணன்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. எஸ்.எஸ்.சி. பாஸ் செய்துவிட்டு பேக்டரி ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்து எட்டு மாதம். தொழிலாளர் லயத்தில் பிறந்தவனுக்கு அந்த இடம் கிடைத்தது பெரிய விஷயம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். இது நடந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. எனக்குப் பின்னால் பள்ளிக்கூடம் முடித்து ஒர்க்‌ஷாப்புக்கு வரப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். அவசரமாக எழுதுகிறேன், காரணம் கடைசியில் தெரியும்.

ஒரே கேள்வி, ஒரே பதில்

விஷயம் இதுதான். ஃபுட்போர்டு தரையிலிருந்து பதினாலு அங்குல உயரத்தில், இரண்டு மெல்லிய பிராக்கெட்டில் தொங்கும். ஏறுவதற்குச் சுகம். ஆனால் தாழத் தொங்குகிற எதுவும் கல்லில் முதலில் அடிபடும். அடிபட்டால் மேலே மடங்கிக் கதவைப் பிடிக்கும். நான் நினைத்தது வேறு. பேக்டரியில் கழற்றிப் போட்ட கனத்த தண்ணீர்க் குழாய் கிடந்தது. அதை முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரைக்கும் பாடியின் அடி விளிம்போடு ஒட்டினாற்போல் ஓடவிட்டு, மூன்று இரும்புக் கைகளால் சேஸியில் பிடித்துவிட்டால், கல் தகட்டைத் தொடாது. பைப்பைத் தொடும். வண்டி அதன் மேலேயே வழுக்கிக்கொண்டு கல்லைத் தாண்டிவிடும்.

படம் வரைந்து, அளவு போட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு எடுத்துப் போனேன். மேனேஜர் பெரியதுரை வெள்ளைக்காரர். தோட்டத் தமிழ் பேசுவார். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படி வேணுமா, பைப் வேணுமா? ரெண்டும் ஒரே எடத்துல வராது. ஒண்ணு சொல்லு."

"பைப், சார்," என்றேன். யோசிக்கவே இல்லை.

பெரட்டுக்கு வந்த முந்நூறு பேர் அங்கே நின்றார்கள். அதில் பாதிக்கு மேல் பெண்கள். காய்ச்சலோ பிள்ளைப்பேறோ, அந்த வண்டியின் முன் சீட்டில் ஏறித்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள். அவர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து நான் ஒருவன் பதில் சொன்னேன்.

சூசை அண்ணன் மட்டும் திரும்பி வரும் வழியில் கேட்டார். "பொம்பளைங்க எப்படிப்பா ஏறுவாங்க?"

"பின்னால பலகையை எறக்கி ஏறட்டும்ண்ணே."

பக்கத்தில் தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் வந்துகொண்டிருந்தார். அவர் அதைக் கேட்டுக்கொண்டார்.

பரீட்சை

டவுனிலிருந்து வெல்டர் குணபால பாஸ் கேஸ் வெல்டிங் செட்டோடு வந்து இரண்டு நாள் வேலை செய்தார். நான் பைப்புக்குத் துருப் பிடிக்காமலிருக்க ஈயச் செந்தூரம் அடித்து, அதன் மேல் பளபளக்கிற கறுப்புப் பெயின்ட் அடித்தேன். அந்தப் பளபளப்பில் எனக்கு அவ்வளவு ஆசை.

அதே வளைவு, அதே கல். சூசை அண்ணன் மூன்று தரம் வேண்டுமென்றே கல்லின் மேல் ஏற்றினார். மூன்று தரமும் பைப் கிறீச்சென்று கத்தியது, வண்டி தாண்டிவிட்டது. கதவு தேங்காய் எண்ணெய் போட்டதுபோல் திறந்தது. பெரியதுரை மட்கார்டில் ஒரு தட்டுத் தட்டி, "குட்," என்றார்.

ஏறிப் பார்க்கும் பரீட்சையும் வைத்தேன். தரையிலிருந்து பைப் வரை இருபத்திரண்டு அங்குலம். பெரியதுரை ஏறினார். சின்னத்துரை ஏறினார். பெரிய கிளாக்கர் ஏறினார். நான் ஏறினேன். 'ஏறுவதில் சிரமமில்லை' என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். நாலு பேரும் ஆண்கள். நாலு பேர் காலிலும் சப்பாத்து. அன்று மழையும் இல்லை.

மழை நாள்

என் அண்ணன் பெண்சாதி அங்கம்மா. எங்கள் டிவிஷனில் அவரைப்போல் கொழுந்தெடுக்க ஆள் கிடையாது. இரண்டு கையும் இரண்டு பக்கம் தனித்தனியாக ஓடும். வாயும் அதே வேகம்தான். ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அவர் வைத்த பெயர் எஞ்சினியர் தொரை.

ஆடி மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்த வாரம், மலையில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மதினிக்குக் குளிர்காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. தோட்டத்து டாக்டரய்யா துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். சூசை அண்ணன் பிக்கப்பைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் நிறுத்தினார். பைப்பில் எவ்வளவு கீறல் விழுந்திருக்கிறது என்று பார்க்க நானும் கூடவே போயிருந்தேன்.

மதினி மலையிலிருந்து நேராக வந்தார். தலையில் நனைந்த கம்பளி. இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிய படங்குச் சாக்கு, தண்ணீர் குடித்துப் பலகைபோல் விறைத்திருந்தது. காலில் சேறு.

"என்னா எஞ்சினியர் தொரை, இம்புட்டு ஒசரத்துல வச்சிருக்கீங்க? ஏணி ஒண்ணு குடுத்திருக்கலாமுல்ல?" காய்ச்சலிலும் அந்த வாய் ஓயவில்லை.

"பின்னால ஏறு மதினி."

"ஒடம்பு நடுங்குது கொழுந்தனாரே. மழையில பின்னால ஒக்காந்தா போய்ச் சேந்துருவேன்."

நான் குனிந்து கீறலைப் பார்க்கத் தொடங்கினேன். இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. அவர் ஏறும்போது நான் அவரைப் பார்க்கவில்லை, பைப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாக்கை முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவர் வைத்த பாதம் என் கண்ணுக்கு முன்னால்தான் வந்தது. உருண்டையான பைப், மழுமழு பெயின்ட், சேற்றுக் கால். பாதம் ஒரு கணம் நின்றது. பிறகு அங்கே இல்லை.

வலது கையை ஊன்றி விழுந்தார். கல்லில் பைப் உரசிய சத்தத்தைவிட அந்த எலும்பின் சத்தம் சின்னதுதான்.

அதன் பிறகு

ஆஸ்பத்திரியில் காய்ச்சலைக் குணப்படுத்தினார்கள், எலும்பையும் கட்டினார்கள். எலும்பு சேர்ந்தது. மணிக்கட்டு திரும்பவில்லை. கொழுந்து கிள்ளி உள்ளங்கையில் சேர்த்துக் கூடைக்குப் பின்னால் எறிய வேண்டும் என்றால் மணிக்கட்டு திரும்ப வேண்டும். மதினி இப்போது பிள்ளைக் காம்பராவில் மற்றவர்களின் குழந்தைகளுக்குத் தொட்டில் ஆட்டுகிறார், இடது கையால்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. பெரிய கிளாக்கர் என்னைக் கூப்பிட்டு, "பின்னால ஏறணும்னு சொன்னது நீதானே? சொன்னத மீறித் தொழிலாளி ஏறியிருக்கு. அப்படித்தான் எழுதியிருக்கேன். ஒனக்கு ஒண்ணும் வராது, பயப்படாதே," என்றார்.

நான் அவருக்கு நன்றி சொன்னேன். அதுவும் என் வாயிலிருந்துதான் வந்தது.

மறுவாரம் கதவில் வெள்ளைப் பெயின்டில், 'தொழிலாளர் பின்பக்கம் மட்டும் ஏறவும்' என்று எழுதினார்கள். அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் முன் சீட்டில் போகிறவர்கள். ஒர்க்‌ஷாப் புத்தகத்தில் பெரியதுரை தம் கையால் எழுதினார்: வண்டிக்குச் சேதம் எதுவுமில்லை, வேலை மிக நன்று.

வேலை உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. போன வாரம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நாலு வண்டிகளுக்கு அதே பைப் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். நாலையும் நான்தான் செய்ய வேண்டும்.

படியும் பைப்பும் ஒரே இடத்தில் வராது என்று துரை சொன்னார், நானும் ஒப்புக்கொண்டேன். கெட்டியான படி வராது, அது சரி. தொங்குகிற படி வருமே. பேக்டரியில் ரோலரை ஓட்டும் பெல்ட் அறுந்தால் மூலையில் போடுவார்கள். அதில் இரண்டு துண்டு வெட்டி, நடுவில் ஒரு மரக்கட்டை. பைப்பிலிருந்து தொங்கவிட்டால் தரையிலிருந்து பதினோரு அங்குலம். கல் பட்டால் மடங்கும், தாண்டியதும் மறுபடி தொங்கும். கதவைப் பிடிக்காது. கட்டையின் மேல் சாக்கு சுற்றி ஆணி அடித்தால் சேற்றுக் கால் வழுக்காது.

துரையிடம் காட்டினேன். "இது என்னா, மாட்டு வண்டியா? வேணாம்," என்றார்.

அதனால் கொக்கி போட்டிருக்கிறேன். மாட்டலாம், கழற்றலாம். நாளைக்குப் பிக்கப்பை மடுவத்துக்குப் பின்னால் நிறுத்துவதாகச் சூசை அண்ணன் ஒப்புக்கொண்டிருக்கிறார். துரைக்குத் தெரிந்தால் என் வேலை போகும். அவர் வேலையும் போகலாம். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும் என்பதால்தான் இந்த அவசரம். கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற பெண்கள், படங்கு கட்டியபடியே, வெறுங்காலோடு ஒவ்வொருவராக ஏறிப் பார்க்க வேண்டும். நாலு வண்டிக்கும் அளவு அவர்களிடமிருந்துதான் எடுப்பேன்.

முதலில் மதினியிடம்தான் போனேன். அந்த நாளுக்குப் பிறகு அவர் பிக்கப் பக்கமே வந்ததில்லை. என்னை எஞ்சினியர் தொரை என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார். பெல்ட்டையும் கட்டையையும் கையில் வாங்காமல், தொட்டிலை ஆட்டிக்கொண்டே பார்த்தார்.

"ஆடுமே இது. ஏறையில கதவப் புடிச்சுக்குவாங்க. எறங்கையில?"

நான் கட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.

"முதுகைக் காட்டிக்கிட்டு எறங்குறப்ப கால் இந்தக் கட்டையத் தேடும். கைக்கு என்னா வச்சிருக்கே?"

ஒன்றும் வைக்கவில்லை. ஒரு வருஷமாக ஏறுவதையே அளந்துகொண்டிருந்திருக்கிறேன்; இறங்குவதை ஒரு தடவைகூட அளந்ததில்லை.

"வருவியா மதினி?" என்று கேட்டேன்.

"கைப்பிடிய வச்சிட்டு வந்து கேளு. எடப்பக்கமா வையி. எனக்கு அந்தக் கைதான் இருக்கு."

ஒர்க்‌ஷாப் சாவி என்னிடம் இருக்கிறது. மிச்சக் குழாயில் ஒன்றரை அடி வெட்டி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை பெயின்ட் அடிக்கவில்லை. கயிறு சுற்றப் போகிறேன். நாளைக்கு முதல் அளவு, இறங்குவதில் தொடங்கும்.