அடி வெட்டிய இறகுகள்

தாபுவின் களத்துக்கு வரும் மயில் தோகையை விரித்தால், இந்திரனே மழை பெய்ய அனுமதி கேட்டுக் கைகட்டி நிற்பானாம். அவளே ஊரெல்லாம் சொல்லித் திரிவாள். உயிர்களைக் காப்பதையே தர்மமாகக் கொண்ட ராஜஸ்தானின் பிஷ்னோய் ஊரில் இதற்கு யாரும் சிரிப்பதில்லை. பஞ்சம் வந்த வருடத்தில் மகன்களுக்கு ரொட்டியைக் குறைத்தவள், மயிலுக்குக் கம்பு இறைப்பதை மட்டும் ஒரு நாளும் நிறுத்தவில்லை.

மூன்று நாளாக அந்த மயில் வரவில்லை. நான்காம் நாள் கோயில் சந்தையில், மங்கிலால் என்ற வெளியூர்க்காரன் மயிலிறகுக் கட்டுகளைப் பரப்பி வைத்திருந்தான்.

"எல்லாம் தானா உதிர்ந்தது அக்கா. காட்டுல பொறுக்கினேன்."

தாபு ஒரு கட்டைத் தூக்கி இறகுகளின் அடியைப் பார்த்தாள். அடிக்காம்புகள் எல்லாம் ஒரே அளவாக வெட்டப்பட்டிருந்தன.

"ஏண்டா வெட்டினே?"

"பார்க்க அழகா இருக்கட்டும்னுதான்."

"உதிர்ந்த இறகுக்கு அடி வெள்ளையா, காஞ்சு கிடக்கும். அதை எவன் வெட்டுவான்? பிடுங்கினாத்தான் அடியில ரத்தம் ஒட்டும். ரத்தத்தை வெட்டிட்டு எங்கிட்டயே அழகு பேசுறியா, நாசமாப் போறவனே!"

சந்தையே திரண்டுவிட்டது. யாரோ வனக்காவலருக்குப் போன் போட்டார்கள். தாபு கட்டுகளை இழுத்துப் போட்டு அவற்றின் மேலேயே சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, இறகு நசுங்குது!" என்று பதறினான் மங்கிலால்.

"நசுங்கட்டும். மயிலோட உடம்பை எங்கே போட்டே, அதைச் சொல்லு."

காவலர் வரும்வரை அவள் எழவே இல்லை.