சங்கு கொடுத்த ‘ஓ...’

எங்கள் மலையில் ஜீப்புக்கு ஜீப் கேசட்டில் ஒலித்த என் பாட்டை நீங்களும் கேட்டிருக்கலாம். தொடக்கத்தில் வரும் அந்த நீண்ட ‘ஓ...’ எப்படிப் பிறந்தது என்று எல்லாப் பேட்டியிலும் கேட்பார்கள். “தானா வந்துச்சு” என்பேன். அது பொய்.

அந்தக் கேசட்டைப் பள்ளிவாசல் எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்து வீட்டில்தான் பதிவு செய்தோம். நான் வாயைத் திறந்ததும் தேயிலை ஃபேக்டரியில் சங்கு ஊதி எல்லாவற்றையும் கெடுத்தது. இறங்கி ஓடி, சங்கு ஊதும் முருகையாவைக் கண்டபடி ஏசினேன்.

“நிப்பாட்ட எனக்கு அதிகாரம் இல்லக்கா. சங்கு எப்படி எழும்பி இழுக்குதோ, அதே மாதிரி இழுத்துப் பாடிப் பாருங்க” என்றார்.

பாடினேன். அதுதான் அந்த ‘ஓ...’.

போன மாதம் அதே ஊரில் எனக்குப் பாராட்டு விழா. மேடையில் வழக்கமான கேள்வி வந்தது. முன்வரிசையில் நரைத்த தலையோடு முருகையா உட்கார்ந்திருந்தார். அவர் முகத்துக்கு முன்னால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை. அவர் பெயரைச் சொல்லி, நடந்ததைச் சொன்னேன்.

கீழே இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மறந்துட்டீகளோன்னு நெனச்சேன்க்கா.”

நான் ஒருநாளும் மறக்கவில்லை. நினைவு வைத்துக்கொண்டேதான் இத்தனை வருஷம் மறைத்தேன். “அப்ப ஏன் சொல்லல?” என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த ‘ஓ...’வைக் கொடுத்ததைவிட, அதற்குத்தான் அவருக்கு என் நன்றி.